அம்பு விடத் தெரியாத வில்லாளி

இந்தச் சென்னைப் பட்டணத்தில் மூன்றே மூன்று அம்பு விட்டு, மூன்றையும் விடக் கூடாத இடங்களில் செருகி, அதற்காகவே உலகத்தரமான வில்லாளி என்று ஓர் எந்திரத்தின் வாயால் பட்டம் வாங்கிய ஒரே ஆசாமி வெள்ளைச்சாமிதான். அதுவும் அறுபத்திரண்டு வயதில். அதுவும் வில்லைக் கையில் வாங்கிய ஏழாவது நிமிஷத்தில். அன்று காலைவரை அவர் வில்லைப் பார்த்தது கோயில் தூணில் மட்டும்தான். அந்தத் தூணிலும் வில் பாதி உடைந்திருந்தது.

ஊரே இதை நம்பிவிட்டது. நம்பாத ஆள் ஒருவர் உண்டு. பேராசிரியர் ஆரோக்கியநாதன். அவர் மட்டும் முதல் நாளே நம்பியிருந்தால், வெள்ளைச்சாமி கோபம் என்ற ஒன்று தனக்குள் இருப்பதே தெரியாமல் காலம் தள்ளியிருப்பார்.

வெள்ளைச்சாமி தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் நின்றவர். நின்றவர் என்றால் நின்றவரேதான். உட்காருகிற வழக்கமெல்லாம் அவர் ஓய்வு பெறப் போகும் சமயத்தில்தான் கடைக்கு வந்தது. அவர் பிரித்துக் காட்டிய புடவைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் ஒரு முனையைப் பனகல் பூங்காவிலும் மறு முனையை நிலாவிலும் கட்டலாம். மிச்சத் துணியில் வழி நெடுக இருக்கிற நட்சத்திரங்களுக்கெல்லாம் ரவிக்கை தைக்கலாம்.

அந்த முப்பத்தொரு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடக் கோபப்பட்டதில்லை. கவுண்ட்டருக்குப் பின்னால் நிற்கிறவனுக்குக் கோபம் ஏது? எண்பத்து நாலு புடவையைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "மனசுக்குப் பிடிக்கலை, எதிர்க்கடையில பாத்துட்டு வரோம்" என்று ஒரு குடும்பம் எழுந்து போனபோதுகூட, "வாங்கம்மா, நல்லா பாத்துட்டு வாங்க" என்று சிரித்தவர் அவர். ஆனால் கோபம் எங்கே போகும்? மடித்து உள்ளே அடுக்கி வைத்திருந்தார். கரை மேல் கரை படியும்படி அழகாக. முப்பத்தொரு வருஷத்து அடுக்கு.

அதைப் பிரிக்கப் போகிறவர் அடையாற்றில் காத்திருந்தார்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுச் சந்தில் வெள்ளைச்சாமியும் அவர் மனைவி பேச்சியம்மாளும் குடியிருந்த வீட்டின் மாடியறையில் மதுமதி என்ற விருதுநகர்ப் பெண் தங்கியிருந்தாள். அடையாற்றில் ஒரு விளையாட்டு ஆராய்ச்சிக் கூடத்தில் மூன்று வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வில்லை வளைத்து அம்பை விடுகிற அந்தக் கணத்தில் பழகிய கையின் தசைகள் என்ன செய்கின்றன, பழகாத கையின் தசைகள் என்ன செய்கின்றன, இதுதான் விஷயம். பழகிய ஆட்கள் பன்னிரண்டு பேர் ஆகிவிட்டது. பழகாத ஆட்களில் பதினோரு பேர். பன்னிரண்டாவது ஆள் மஞ்சள் காமாலை வந்து சேலத்துக்கு ரயிலேறிவிட்டான்.

புதன்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் மதுமதி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மாமா, நாளைக்குக் காலைல ஒரு ரெண்டு மணி நேரம் உங்க கையைக் கடன் தருவீங்களா?"

"ரெண்டு கையுமா, ஒண்ணு போதுமா?"

"வலது கை போதும் மாமா. நீங்க வில்லு தொட்டிருக்கீங்களா?"

"வில்லா? பிளாஸ்டிக்குல, திருவிழாக் கடையிலகூடத் தொட்டதில்லம்மா."

"அப்ப நீங்கதான் எனக்கு வேணும்" என்றாள் மதுமதி. தெரியாத ஒன்றுக்காகத் தன்னை ஒருத்தர் தேடி வந்தது வெள்ளைச்சாமிக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பெருமையாக இருந்தது.

வியாழன் காலை. ஆராய்ச்சிக் கூடத்து மைதானக் கொட்டகையில், கருவிகளைக் கவனிக்கிற டெரிக், வெள்ளைச்சாமியின் முன்கை முடியைச் சவரக்கத்தியால் வழித்தான். "இன்னா சார், கிண்டி காடு மாதிரி கீது. உள்ள மான் ஏதாச்சும் மேயுதா?" என்றான். பிறகு உள்ளங்கைப் பக்கத்துத் தசைமேல் இரண்டு, புறங்கைப் பக்கத்துத் தசைமேல் இரண்டு என்று பொட்டு மாதிரி வில்லைகளை ஒட்டி, கம்பிகளைச் செருகினான். கம்பிகள் ஒரு கணினிக்குப் போயின. திரையில் இரண்டு கோடுகள் ஓடின, விரலைத் திறக்கிற தசைக்கு மேல்கோடு, மடக்குகிற தசைக்குக் கீழ்க்கோடு.

வில்லில் ஒரு சின்னத் தகடு இருந்தது. அம்பை முழுசாக இழுத்ததும் அது 'டிக்' என்று விழும். விழுந்த சத்தம் கேட்டதும் நாணை விட்டுவிட வேண்டும். மதுமதி அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் சொன்னால் ஆராய்ச்சி கெட்டுவிடுமாம்.

வெள்ளைச்சாமி இடது கையை நீட்டினார். வலது கையால் தாடைவரை இழுத்தார். டிக்.

முதல் அம்பு மைதானத்து ஓரம் நிழலில் சாய்ந்திருந்த காவலாளியின் குடைக்குள் புகுந்து, அதை விரித்துக் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டாவது அம்பு கொட்டகைக் கூரையின் குழல் விளக்கை உடைத்தது. அந்த விளக்கு மூன்று மாதமாக எரியவில்லை என்பது வேறு விஷயம். மூன்றாவது அம்பு அவருக்கு உரிய இலக்குப் பலகையை மதிக்காமல் பக்கத்துப் பலகைக்குப் போய், நட்ட நடு மஞ்சள் வட்டத்தில் குத்தி நின்று ஆடியது.

"மன்னிச்சுக்கோம்மா" என்றார் வெள்ளைச்சாமி.

டெரிக்கும் மதுமதியும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெரிக் வாயிலிருந்த சூயிங்கத்தை விழுங்கிவிட்டான்.

"இன்னாக்கா இது?" என்றான். "புச்சா வர்ற ஆளுங்க டிக்குனு கேட்டவொடனே விரல வெடுக்குனு தொறப்பாங்க. மேல்கோடு மலை கணக்கா எகிறும். பழுத்த கைதான் தொறக்காது. புடிய விட்டுடும், அவ்ளோதான். நாணே விரலத் தள்ளிக்கினு பூடும். கோடு தூங்கும். இவருக்குத் தூங்குதேக்கா! கொறட்டை வுட்டுத் தூங்குது!"

மூன்று அம்புக்கும் அப்படித்தான். மேல்கோட்டில் சின்னச் சலனம்கூட இல்லை.

பேராசிரியரை அழைத்தார்கள். ஆரோக்கியநாதன் சாந்தோம்காரர். ஒல்லி, உயரம், இஸ்திரி போட்ட குரல். முப்பது வருஷமாக வில் பிடிப்பவர், மாநிலத்துக்காக ஆடியவர். வலது கையின் மூன்று விரல்களில் தோல் செருப்பு மாதிரிக் காய்த்திருக்கும். அவர் திரையைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பக்கத்துப் பலகையின் நடு மஞ்சளில் நிற்கிற அம்பைப் பார்த்தார். அப்புறம் வெள்ளைச்சாமியை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த கிளப்புல ஆடறீங்க?"

"ஆடுறதா? சார், நான் ரம்மிகூட ஆடுனதில்ல."

"எத்தனை வருஷமா வில் பிடிக்கறீங்க?"

"கால் மணி நேரமா."

பேராசிரியர் சிரித்தார். வெள்ளைச்சாமிக்கு அந்தச் சிரிப்பு தெரியும். இருபதாயிரம் ரூபாய்ப் புடவையைக் கசக்கிப் பார்த்துவிட்டு, 'இது அசல் பட்டுன்னு என்கிட்டயே சொல்றீங்களா?' என்று சிரிப்பார்களே, அது.

"மிஸ்டர் வெள்ளைச்சாமி, நடிக்காதீங்க. கையை அப்படி விடறதுக்கு எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. பன்னிரண்டு. தப்பா விடற மாதிரி விட்டு, பக்கத்துப் பலகையில சரியா நடுவுல நிறுத்தியிருக்கீங்க. தப்பா விடறதுக்கே எவ்வளவு தெரிஞ்சிருக்கணும்!"

"சார், சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்ல உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு."

அதோடு விட்டிருந்தால்கூட வெள்ளைச்சாமி வழக்கம்போல மடித்து உள்ளே வைத்திருப்பார். ஆனால் பேராசிரியர் மதுமதி பக்கம் திரும்பினார். "ஆள் கிடைக்கலைன்னு ஒரு பழைய ஆட்டக்காரரைப் பிடிச்சிட்டு வந்து, 'பழகாதவர்'னு எழுதிட்டே. ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தன் இதே மாதிரி என்னை ஏமாத்தினான். நாலு பெரிய மனுஷங்க முன்னாடி தலை குனிஞ்சேன். இன்னொரு தடவை குனிய மாட்டேன். ஒரு ஆள் பொய்னா மீதி பதினொண்ணை நான் எப்படி நம்பறது? திங்கக்கிழமை கமிட்டிக்கு எழுதறேன். உன் மூணு வருஷமும் அதோட முடிஞ்சது."

மதுமதியின் முகம் சாயம் போன துணி மாதிரி வெளுத்தது.

வெள்ளைச்சாமிக்குள் அடியிலிருந்த முதல் அடுக்கு அசைந்தது. "சார்" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "என்னைய என்ன வேணா சொல்லுங்க. அந்தப் புள்ள பொய் சொல்லிச்சுன்னு சொல்லாதீங்க. 'சாயம் போகுமா'ன்னு கேட்டவங்ககிட்ட 'போகும்'னு சொல்லி வித்தவன் சார் நான்!"

"அதையும் நல்லா நடிச்சுத்தான் வித்திருப்பீங்க" என்றார் பேராசிரியர். போய்விட்டார்.

அன்று வெள்ளைச்சாமி அடையாற்றிலிருந்து மயிலாப்பூருக்கு நடந்தே வந்தார். பஸ் வந்தது. அதன் முகம் பிடிக்கவில்லை. ஆட்டோக்காரர், "எங்க போவணும் நைனா?" என்று அன்பாகத்தான் கேட்டார். "எங்கயும் போகக் கூடாது! போதுமா?" என்று வெள்ளைச்சாமி கத்தின கத்தலில், அடையாற்றுப் பாலத்தின் கீழே தூங்கிக்கொண்டிருந்த நாரைகள் அத்தனையும் எழும்பி மகாபலிபுரம்வரை போய்த்தான் இறங்கின.

நடக்க நடக்க ஒன்று விளங்கியது. அது விளங்க விளங்கக் கோபம் கூடியது. எனக்குத் தெரியும் என்றால் செய்து காட்டிவிடலாம். தெரியாது என்பதை எப்படிக் காட்டுவது? அம்பு இலக்கில் பட்டால், பார்த்தாயா, தெரிந்தவன் என்பார். படாவிட்டால், பார்த்தாயா, நடிக்கிறான் என்பார். அடிக்கவும் வழியில்லை, தவறவும் வழியில்லை. மந்தைவெளி வருவதற்குள் எண்பத்து நாலு புடவைக்காரக் குடும்பத்தின்மேல் இருந்த கோபம், தீபாவளிக் கூட்டத்தில் சாப்பிடாமல் நின்ற கோபம், முகத்தில் புடவையை வீசிவிட்டுப் போன ஒரு நகைக்கடை வீட்டம்மாவின்மேல் இருந்த கோபம் எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரிந்து விழுந்தன.

வீட்டில் பேச்சியம்மாள் கே.கே. நகர்க் கல்யாண வரவேற்புக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு வந்த கோபத்தின் முன்னால் வெள்ளைச்சாமியின் கோபம் ஆறின காபி.

"பொய் சொல்லுதீகன்னா சொன்னான்? உங்களையா? என் தங்கச்சி கல்யாணப் புடவைக்கே 'இது சாயம் போவும்'னு சொல்லி, கல்யாணத்தன்னிக்கு எல்லாரையும் அழவச்ச மனுசனையா? அவன் வீடு எங்க இருக்கு? இப்பமே வாரேன்."

"நீ இரு. உனக்கு என்ன புடவை வேணும்?"

"அரக்கு. பீரோவுல மேல் தட்டுல."

வெள்ளைச்சாமி பீரோவைத் திறந்து அரக்குப் பட்டை உருவினார். கோபத்தில் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அது தனக்குத் தெரிந்ததைச் செய்தது. இடது கையில் மடிப்பைப் பிடித்து நேராக நீட்டியது. வலது கை முந்தியைப் பற்றித் தாடைவரை இழுத்தது, கரை முழுசும் தெரியும்படி. அப்புறம் விட்டது. புடவை தண்ணீர் மாதிரிக் கட்டிலில் இறங்கிப் பரவியது.

பீரோக் கதவின் கண்ணாடியில் ஓர் ஆள் நின்றிருந்தான். இடது கை நீண்டிருக்க, வலது கை தாடைக்குப் பின்னால் தொங்க.

"என்னங்க" என்றாள் பேச்சியம்மாள், "அம்பு விடுத மாதிரில்லா நிக்கீக?"

வெள்ளைச்சாமி அசையவில்லை. பட்டு கவுண்ட்டரில் ஒரு விதி உண்டு. புடவையை இழுத்துக் காட்டி முடித்ததும் விரலைத் திறக்கக் கூடாது. திறந்தால் நகம் ஜரிகையில் கொக்கி போடும். ஓர் இழை மாட்டினால் போதும், கரை முழுக்கச் சுருங்கி, புடவை வீணாகி, மேலாளர் முன்னால் போய் நிற்க வேண்டும். அதனால் விரலைத் திறப்பதில்லை. பிடியை மட்டும் மறந்துவிடுவது. பட்டு தானாகவே போய்விடும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. முப்பத்தொரு வருஷம்.

'பழுத்த கைதான் தொறக்காது. புடிய விட்டுடும், அவ்ளோதான்.'

வெள்ளைச்சாமி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினார். மூன்று நான்காகவே தாவியிருப்பார், படிகள் அவ்வளவு இல்லை. மாடியில் மதுமதி பெட்டியில் புத்தகங்களை அடைத்துக்கொண்டிருந்தாள். விருதுநகருக்கு டிக்கெட் போட்டிருந்தாள்.

"பெட்டிய மூடாத! உங்க சார் நம்பரைக் குடு!"

நாலாவது தடவை மணியடித்த பிறகுதான் பேராசிரியர் போனை எடுத்தார்.

"சார், வெள்ளைச்சாமி பேசுதேன். பொய்யன் வெள்ளைச்சாமி. சனிக்கிழமை காலைல எட்டரைக்கு எங்க கடைக்கு வாங்க. வில்லு, கம்பி, டெரிக் தம்பி, எல்லாத்தையும் கொண்டாங்க. நானா ஆளக் காட்ட மாட்டேன். முந்நூறு பேரு வேலை பாக்காங்க, பட்டுப் பிரிவுல மூணு பேரு, மத்த பிரிவுல மூணு பேரு, நீங்களே பொறுக்கிக்கோங்க."

"நான் ஏன் வரணும்?"

"வராட்டா உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு எண்பத்து நாலு புடவை பிரிப்பேன். பிரிச்சுப் போட்டுட்டு மடிக்காமப் போவேன் சார்!"

இதைவிடக் கொடிய மிரட்டல் தி. நகரில் கிடையாது. பேராசிரியருக்கு அது தெரியாது. ஆனாலும் வந்தார். பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கிற ஆசை எந்த மனுஷனையும் எட்டரைக்குக் கொண்டுவந்துவிடும்.

கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆறாவது மாடிக் கிடங்கில் வேட்டிக் கட்டுகளைச் சுவர் மாதிரி அடுக்கி, அதன்மேல் இலக்குப் பலகையைச் சாய்த்திருந்தார்கள். பட்டுப் பிரிவின் மேலாளர் கணேசமூர்த்தி, ஒரு காலத்தில் வெள்ளைச்சாமியின் கீழே வேலை பார்த்தவர், "அண்ணாச்சி, முதலாளி வர்றதுக்குள்ள முடிச்சிருங்க. வேட்டில ஓட்டை விழுந்தா என் தலைதான் உருளும்" என்று வாசலில் காவல் நின்றார்.

பேராசிரியர் கடை முழுக்க நடந்தார். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுகிற மாதிரி ஆட்களைப் பொறுக்கினார். பட்டுப் பிரிவிலிருந்து தௌசீஃப். கூடவே இன்னும் இரண்டு பேர். பில் போடுகிற இடத்திலிருந்து அய்யாதுரை. கூடவே பாத்திரப் பிரிவின் இரண்டு பேர்.

"இன்னா சார், யாருக்காச்சும் வில்லு தெரியுமா?" என்றான் டெரிக்.

"எனக்கு எல்.ஐ.சி. பாலிசிதான் தெரியும்" என்றார் அய்யாதுரை.

அய்யாதுரை நாணை இழுத்தார். டிக். முப்பது வருஷமாக நோட்டைத் தள்ளித் தள்ளி எண்ணிய விரல்கள் வெடுக்கென்று விரிந்தன. மேல்கோடு திரையை விட்டே வெளியே போகப் பார்த்தது. பாத்திரப் பிரிவுக்காரர்களுக்கும் அதே மலை.

தௌசீஃப் இழுத்தான். டிக். அம்பு இலக்குப் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேட்டிக் கட்டுகளின் மெல்லிய கரை வரிசையில் புகுந்து காணாமலே போயிற்று. (அந்தக் கட்டைக் காற்றோட்டமான வேட்டி என்று சொல்லி இன்றும் ஆடித் தள்ளுபடியில் விற்பதாகக் கேள்வி.) கோடு தூங்கியது. மற்ற இருவர் கோடுகளும் தூங்கின. பட்டுப் பிரிவே சேர்ந்து தூங்கியது.

மதுமதி பேராசிரியரைப் பார்த்தாள். பேராசிரியர் திரையைப் பார்த்தார். அவர் காதுமடல் சிவந்திருந்தது.

"இவங்களுக்கு நீங்க நேத்தே சொல்லிக் கொடுத்திருக்கலாம்" என்றார்.

வெள்ளைச்சாமியின் அடுக்கில் மிச்சமிருந்தது அவ்வளவும் அப்போது சரிந்தது.

"சொல்லிக் குடுத்தேனா? ஒரே நாள்லயா?" என்றார். ஆறாவது மாடியில் கத்தியது உஸ்மான் ரோட்டில் சிக்னல் மாறும்வரை கேட்டதாம். "உங்களுக்கு எத்தன வருசம் ஆச்சுன்னு சொன்னீக சார்? பன்னெண்டு! பன்னெண்டு வருசம் கத்துக்கிட்டத ஒரு ராத்திரியில சொல்லிக் குடுத்துடலாம்னா, நீங்க என்ன சார் பண்ணிக்கிட்டிருந்தீக அந்தப் பன்னெண்டு வருசமும்?"

பேராசிரியர் மறுபடி திரையைப் பார்த்தார். அப்போதுதான் வெள்ளைச்சாமிக்கு அந்த முகத்தில் இன்னொன்று தெரிந்தது. அது வெறும் சந்தேகம் இல்லை. பன்னிரண்டு வருஷம் விரல் காய்த்துத் தான் வாங்கிய ஒன்று, நாலாவது மாடிப் பட்டுக் கவுண்ட்டரில் ஆளாளுக்குக் கிடக்கிறதே என்கிற வலி. தெரிந்தாலும் வெள்ளைச்சாமியின் கோபம் இறங்கவில்லை. நியாயமான கோபம் மற்றவன் வலியைப் பார்த்ததும் கடையை மூடிவிடுமா என்ன?

"எந்திரத்துல கோளாறு இருக்கலாம்" என்றார் பேராசிரியர், மெதுவாக.

"எந்திரத்தை விடுங்க. என்கூட வாங்க."

நாலாவது மாடிக்கு வந்தபோது கடை திறந்துவிட்டது. முதல் வாடிக்கையாளராக மயிலாப்பூர் மாமி ஒருவர், கல்யாணப் பட்டியலோடு, கவுண்ட்டர் முன்னால் விரிப்பில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச்சாமி அடுக்கிலிருந்து மயில்கழுத்துப் பட்டு ஒன்றை எடுத்துப் பேராசிரியர் கையில் வைத்தார்.

"இடது கையில மடிப்பு. வலது கையில முந்தி. தாடைவரை இழுங்க. விடுங்க."

"எனக்கு இதெல்லாம்..."

"இழுங்க சார்!"

பேராசிரியர் இழுத்தார். இடது தோள் இறங்கி நிலைத்தது. வலது கை தாடையைத் தொட்டது. விட்டார்.

மயில்கழுத்துப் பட்டு கவுண்ட்டரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு சுருக்கம் இல்லாமல், ஓர் இழை மாட்டாமல், சத்தமே இல்லாமல் இறங்கிப் படுத்தது.

தௌசீஃப் விசிலடித்தான். கணேசமூர்த்தி ஓடி வந்தார். "அண்ணாச்சி, யாரு இவரு? இது பத்து வருஷத்துக் கைல்ல! சார், நீங்க எந்தக் கடை?"

"கடையா? நான் பேராசிரியருங்க."

"எதிர்க்கடைக்காரன் அனுப்பிச்சானா? நம்ம சரக்க வேவு பாக்கவா?"

"ஐயா, நான் இதுவரைக்கும் புடவை பிரிச்சதே இல்ல! வீட்ல என் மனைவி நோராவை வேணா கேளுங்க. அவ புடவையை ஒரு தடவைகூட நான் மடிச்சுக் கொடுத்ததில்லைன்னு தினமும் திட்டுவா!"

"மடிக்கத் தெரியாதுன்னு சொல்லுங்க, நம்புறேன்" என்றார் கணேசமூர்த்தி. "பிரிக்கத் தெரியாதுன்னு என்கிட்டயேவா?"

"ஏன் அவரப் போட்டுப் படுத்தறேள்?" என்றார் மாமி. "எத்தன பாந்தமாப் பிரிக்கறார்! அவரே காட்டட்டும். சித்த அந்த மாம்பழக் கலர எடுங்கோ. கூச்சப்பட்டுண்டு நிக்காதேங்கோ."

"அம்மா, நான் சேல்ஸ்மேன் இல்ல!"

வெள்ளைச்சாமி இடுப்பில் கை வைத்து, பேராசிரியர் முகத்துக்கு நேராக நின்றார். "நடிக்காதீங்க சார்" என்றார்.

பேராசிரியரின் முகம் காதிலிருந்து கழுத்துவரை அரக்குப் பட்டு ஆயிற்று. இஸ்திரி போட்ட குரல் கசங்கியது. "நடிக்கலய்யா! எனக்குத் தெரியாது! தெரியாதுன்னா தெரியாது! தெரியாதுங்கறத நான் எப்படிய்யா நிரூபிக்கிறது?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. டெரிக்கூட. மதுமதி தோள்பையிலிருந்து வியாழக்கிழமைச் சோதனைக்கு நிரப்பிய படிவத்தை எடுத்துக் கவுண்ட்டரில், மயில்கழுத்துப் பட்டின்மேல் வைத்தாள். அதில் 'பழகாதவர்' என்ற சொல்லைச் சுற்றிப் பேராசிரியர் சிவப்பு மையால் போட்ட வட்டமும், பக்கத்தில் 'பொய்' என்று எழுதியதும் இருந்தன.

ஆரோக்கியநாதன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் காய்த்த மூன்று விரல்களைப் பார்த்தார். தௌசீஃபின் விரல்களைப் பார்த்தார். அவை வழவழவென்று, நகம் ஒட்ட வெட்டி, சந்தனம் மாதிரி இருந்தன. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'பொய்' என்பதை அடித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். படிவத்தை மதுமதியிடம் நீட்டினார்.

"திங்கக்கிழமை நான் எழுதறது வேற. பட்டு பிரிக்கிற கை ஏன் இப்படின்னு நீதான் எழுதப் போறே. இன்னும் ஆறு பட்டுக்கடை ஆளுங்க வேணும் உனக்கு."

"விருதுநகர் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடவா சார்?" என்றாள் மதுமதி. அவள் குரலிலும் இன்னும் கோபம் ஆறவில்லை.

"பண்ணிடு."

"அது உங்களுக்குள்ள" என்றார் வெள்ளைச்சாமி. "எனக்கு எழுத்து வேண்டாம். அன்னிக்கு மைதானத்துல சத்தமாச் சொன்னீக. இங்கயும் சத்தமாச் சொல்லுங்க."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். நாலாவது மாடியே, மாமி உட்பட, காத்திருந்தது.

"வியாழக்கிழமை இவர் மூணு அம்பு விட்டார்" என்றார் ஆரோக்கியநாதன். "மூணும் தப்பு. கை மட்டும் சரி. அன்னிவரைக்கும் இவர் வில்லைத் தொட்டதே இல்ல. நடந்துச்சு. அது நிஜமாவே நடந்துச்சு."